நகலுக்காக நாற்பது நாள்: பியாவர் தர்ணாவிலிருந்து 8(1)(ஜே) வரை

1997 ஜூலை மாதம் ஜெய்ப்பூரில் ஒரு கூத்து நடந்தது. ஊராட்சிக் கணக்குகளின் நகல் வேண்டும் என்று ஐம்பது நாளுக்கு மேலாகத் தர்ணாவில் உட்கார்ந்திருந்த ஜனங்களுக்கு ராஜஸ்தான் துணை முதல்வரிடமிருந்து ஒரு பதில் வந்தது: நீங்கள் கேட்பதை நாங்கள் எப்போதோ கொடுத்துவிட்டோமே, ஆறு மாதத்துக்கு முன்னாலேயே அரசிதழில் வந்தாயிற்றே! வெயிலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது தெரியாது, செய்தி எழுதிக்கொண்டிருந்த நிருபர்களுக்கும் தெரியாது, தெரிந்த அரசாங்கமோ அதுவரை வாயைத் திறக்கவில்லை. தகவல் பெறும் உரிமையைக் கொடுத்த ஆணையே தகவலாக வெளியே வராமல் கிடந்திருக்கிறது.

இந்தக் கதையை முழுதாக எழுதக் காரணம் உண்டு. நம் ஊரில் ஆர்.டி.ஐ. (தகவல் பெறும் உரிமைச் சட்டம்) என்றால் ஒன்று விஷயம் தெரிந்தவர்கள் போடுகிற மனு, இல்லாவிட்டால் வேலைவெட்டி இல்லாதவன் ஆபீசரை மிரட்டப் போடுகிற மனு. தாலுகா அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள், இரண்டாவதைத்தான் சொல்வார்கள். பாடப்புத்தகங்களோ வெளிப்படைத்தன்மை, நல்லாட்சி என்று இரண்டு அழகான சொற்களில் பாடத்தை முடித்துவிடும். இந்த உரிமை எங்கிருந்து கிளம்பியது என்பது இரண்டிலும் காணாமல் போகிறது. பஞ்ச காலத்தில் ரோடு போட்டவர்களுக்குக் கூலி குறைந்தது, ஏன் குறைந்தது என்று கேட்டார்கள், அதற்கான பதில் ஒரு தாளில் இருந்தது, தாள் பீரோவுக்குள் இருந்தது. அங்கிருந்துதான் கிளம்பியது. என் வாதம் இவ்வளவுதான்: மற்ற மனித உரிமைகளைக் கைக்கு எட்டும்படி செய்வது இந்த உரிமை, அதன் உயிர் இருப்பது பெயர் போட்ட நகலில். பெயரை எடுத்துவிட்டால் மிச்சம் கிடைப்பது அரசாங்க விளம்பரம்.

கூலி ஏன் குறைந்தது

ராஜ்சமந்த், பாலி, அஜ்மீர் மாவட்டங்கள் சேருகிற மத்திய ராஜஸ்தான் மழை பொய்த்தே பழகிய பூமி. நிலம் சோறு போடாத வருஷங்களில் வறட்சி நிவாரண வேலைதான் பிழைப்பு. ரோடு போடுவது, குளம் வெட்டுவது, தடுப்பணை கட்டுவது. 1987-இல் இங்கே தேவ்டுங்ரி என்கிற சின்ன ஊரில் ஒரு மண் வீட்டில் வந்து தங்கினார்கள் அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர். அருணா ராய் 1946-இல் சென்னையில் பிறந்தவர்; ஐ.ஏ.எஸ். வேலையை எழுபதுகளின் நடுவில் உதறிவிட்டு கிராமத்துக்கு வந்தவர். சங்கர் சிங் அந்தப் பக்கத்து ஆள், பொம்மலாட்டமும் பாட்டுமாக ஒரு நொடியில் கூட்டத்தைக் கூட்டிவிடுவார். 1990 மே 1 அன்று பீம் என்ற ஊரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் (சுருக்கமாகச் சங்கடன்) என்ற அமைப்பை உள்ளூர் ஆட்களோடு சேர்ந்து தொடங்கினார்கள். முதலில் அவர்கள் கையில் எடுத்தது தகவலை இல்லை. குறைந்தபட்சக் கூலியை.

நிவாரண வேலையில் கூலிக் கணக்கு எப்படிப் போடுவார்கள் என்று தெரிந்தால்தான் மீதிக் கதை புரியும். நூறு நாள் வேலைக்குப் போனவர்களுக்கு இது பழக்கமானதுதான். ஒரு குழுவாகச் சேர்ந்து மண் வெட்டுவார்கள், பொறியாளர் வந்து டேப் பிடித்து அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதுவார், அந்த அளவுக்கு உரிய தொகையை மஸ்டர் ரோலில், அதாவது வேலைக்கு வந்தவர்களின் பெயர்ப் பட்டியலில், இருக்கிற தலைகளுக்குப் பிரிப்பார்கள். வேலைக்கே வராத ஐந்து பேரின் பெயர் அதில் ஏறியிருந்தால் என்ன ஆகும்? பதினைந்து பேர் வெட்டிய மண் இருபது பேருக்குப் பிரியும். வந்து வெட்டியவர் கையில் கூலி குறையும், அதோடு "நீ ஒழுங்கா வேலை செய்யல, அளவு பத்தல" என்ற ஏச்சும் சேரும். போலிப் பெயர் கஜானாவை மட்டும் கடிப்பதாக நாம் நினைக்கிறோம்; அது பக்கத்தில் மண் சுமந்தவளின் கூலியிலும் கை வைக்கிறது. சரி, மஸ்டர் ரோலைக் காட்டுங்கள் என்று கேட்டால் அது ரகசியம் என்பார்கள். வெள்ளைக்காரன் 1923-இல் போட்டுவிட்டுப் போன அலுவல் ரகசியச் சட்டம் அப்போது கிராம ஊராட்சியின் சிமென்ட் பில்லுக்குக்கூடக் காவல் நின்றது.

இதில் ஒரு முரண் உண்டு, என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் மையமே அதுதான். ராஜஸ்தானின் இதே நிவாரண வேலை பற்றி உச்ச நீதிமன்றம் 1983-இலேயே சஞ்சித் ராய் வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருந்தது: பஞ்ச நிவாரணம் என்ற பெயரில் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு தடை செய்கிற கட்டாய உழைப்பு. அதாவது உரிமை இருந்தது, அதுவும் அடிப்படை உரிமையாக, உச்ச நீதிமன்றத்தின் முத்திரையோடு. ஆனால் "எனக்குக் குறைத்துக் கொடுத்தார்கள்" என்று ஒருத்தி சொன்னால் அதை நிரூபிக்கிற ஒரே சாட்சி எதிராளியின் பீரோவில். அவரோ அதைத் திறக்க மாட்டார். இப்படிப்பட்ட இடத்தில் 23ஆவது பிரிவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தகவல் பெறுவது தனி மனித உரிமையா, வேறு உரிமைகளுக்கான கருவி மட்டும்தானா என்று சட்டக்காரர்கள் சாவகாசமாக விவாதிப்பார்கள். இந்த ஊர்களில் அந்தப் பிரிவினைக்கு அர்த்தமே இல்லை.

ஊர் நடுவே வாசித்த கணக்கு

1994 டிசம்பர் 2 அன்று பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. சட்டம் எதுவும் இல்லாத காலம், அதனால் ஆவணம் கிடைத்ததே மனசாட்சியுள்ள ஓர் அதிகாரியின் தயவில்தான். கிடைத்த மஸ்டர் ரோல்களையும் பில்களையும் கையால் நகலெடுத்து, ஊர் ஊராக வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சரிபார்த்துவிட்டு, பிறகு ஒரு நாள் குறித்து எல்லோரையும் கூப்பிட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த சிலர் நடுவர்களைப் போல உட்கார்ந்தார்கள்.

விசாரணை என்றால் பெரிய பேச்செல்லாம் கிடையாது. மஸ்டர் ரோலில் ஒரு வரியை மைக்கில் படிப்பார்கள். பெயர், அப்பா பெயர், எந்த வேலை, எத்தனை நாள், எவ்வளவு கூலி, கைநாட்டு வைத்தாயிற்று. படித்ததும் அந்த ஆளைக் கூப்பிடுவார்கள். அவர் எழுந்து, அந்த மாதம் நான் இந்த ஊரிலேயே இல்லை என்பார். அடுத்த வரி. அந்த ஆள் செத்துப் போய் வருஷக்கணக்காகிறது என்று கூட்டத்திலிருந்து குரல் வரும். அடுத்த வரி. நான் வேலை செய்தது உண்மை, ஆனால் வாங்கினது இவ்வளவு இல்லை, இதில் பாதி. அப்புறம் பில்களை எடுப்பார்கள். இத்தனை மூட்டை சிமென்ட், இத்தனை லோடு கல், கட்டடம் முடிந்தது என்று காகிதம் சொல்லும். அதே கட்டடம் ஊர் எல்லையில் அரைகுறையாக நிற்பது கூட்டத்தில் உள்ள சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தான் அதிகம், ஆனால் இந்தத் தணிக்கைக்கு எழுத்து தேவைப்படவில்லை. சென்னையிலோ டெல்லியிலோ உட்கார்ந்திருக்கிற எந்தத் தணிக்கையாளரும் அந்த வரியைப் பார்த்துப் பொய் என்று சொல்லிவிட முடியாது, கூட்டல் சரியாக இருக்கும், கையெழுத்தும் இருக்கும், முத்திரையும் இருக்கும். அந்தப் பெயருக்கு உரியவருக்கும் அவர் பக்கத்து வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் அது பொய் என்று தெரியும்.

அதனால்தான் நகலும் பெயரும். மொத்தம் இவ்வளவு செலவு, இத்தனை மனித நாள் என்று தொகையை மட்டும் வாசித்திருந்தால் ஜனங்கள் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அந்தக் குளிர்காலத்திலேயே பக்கத்து ஊர்களில் அடுத்தடுத்து விசாரணைகள் நடந்தன. எதிர்ப்பும் கிளம்பியது. நம் ஊராட்சிச் செயலரைப் போன்ற கிராம சேவகர்கள் ஆவணம் தர மாட்டோம் என்று திரண்டார்கள். அரசுத் தணிக்கை என்றால் ஒத்துக்கொள்வோம், கண்டவர்களிடம் எல்லாம் கணக்குக் காட்ட முடியாது என்பது அவர்கள் வாதம். இந்த "கண்டவர்கள்" என்கிற நினைப்பு இன்றும் நம் அலுவலகங்களில் அப்படியே இருக்கிறது, மனுதாரர் யார், இவருக்கு எதற்கு இது என்று.

பியாவர்

1995 ஏப்ரலில் அப்போதைய முதல்வர் பைரோன் சிங் ஷெகாவத் சட்டமன்றத்தில் அறிவித்தார்: ஊராட்சிப் பணிகள் தொடர்பான ஆவணங்களின் நகலை மக்கள் கேட்டுப் பெறலாம். பேப்பரில் வந்தது. ஓராண்டு ஓடியது. ஆணை வரவில்லை.

1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரில் சாங் கேட் அருகே தர்ணா தொடங்கியது. நாடாளுமன்றத் தேர்தல் நேரம் அது, கட்சிக்காரர்கள் தெருத்தெருவாக வாக்குறுதி கொடுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு பழைய வாக்குறுதிக்கு ஆணை எங்கே என்று இவர்கள் கேட்டார்கள். எங்கள் பணம், எங்கள் கணக்கு என்ற கோஷம் அங்கேதான் ஊரெங்கும் பரவியது. பியாவர் ஒரு வியாபார நகரம். கடைக்காரர்கள் காய்கறியும் தானியமும் காசும் கொடுத்தார்கள், கிராமத்திலிருந்து முறை வைத்து ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஜன்சத்தா ஆசிரியராக இருந்த பிரபாஷ் ஜோஷி போன்ற பத்திரிகையாளர்கள் டெல்லியிலிருந்து வந்து பார்த்துவிட்டு எழுதிய பிறகுதான் நாட்டுக்கு விஷயம் தெரிந்தது.

தர்ணா தொடங்கிய வேளையில் அரசு ஓர் ஆணை போட்டது. ஆவணங்களைக் கட்டணம் கட்டிப் பார்வையிடலாம், கையால் குறிப்பு எடுத்துக்கொள்ளலாம், ஆனால் நகல் கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் இது நல்ல சமரசம் மாதிரி தெரியும். தகவல்தானே வேண்டும், பார்த்துக்கொள் என்று. சங்கடன் ஒத்துக்கொள்ளவில்லை, அந்தப் பிடிவாதம் சரியானது என்பது என் கருத்து. கையால் எழுதிய குறிப்பை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனால் எஃப்.ஐ.ஆர். போட மாட்டார்கள். இப்படி ஒன்று எங்கள் ஆவணத்தில் இல்லவே இல்லை என்று அலுவலகம் சொல்லிவிட்டால் தீர்ந்தது. அடுத்த வாரம் மூலத்தில் பக்கம் மாறியிருந்தால் நிரூபிக்க வழியில்லை. சான்றளித்த நகல் கையில் இருந்தால் மட்டும்தான் பிறகு யாராலும் அதை மாற்ற முடியாது. நாற்பது நாள் உட்கார்ந்தது ஒரு ஜெராக்ஸுக்காக என்று அப்போது கேலி பேசியிருப்பார்கள். ஆனால் 2005 சட்டத்தின் 2(ஜே) பிரிவை எடுத்துப் படித்தால், தகவல் உரிமை என்பதில் ஆவணத்தைப் பார்வையிடுவது, குறிப்பெடுப்பது, சான்றளிக்கப்பட்ட நகல் பெறுவது, பொருளின் மாதிரியைப் பெறுவது எல்லாம் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும். ரோடு போட்ட ஜல்லியில் ஒரு கை அள்ளி மாதிரி கேட்கலாம் என்று உலகத்தில் எத்தனை தகவல் சட்டங்களில் இருக்கும்? இது வரைவாளர் மேஜையில் தோன்றிய யோசனை மாதிரி எனக்குத் தெரியவில்லை.

இந்தப் போராட்டத்தைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் ஒரு சம்பவம் உண்டு. நாலாவது வரை படித்த ஒரு பெண்ணிடம், தகவல் உரிமையைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று டெல்லியில் பத்திரிகையாளர் கேட்கிறார். பத்து ரூபாய் கொடுத்துப் பையனைக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேன், என் பெயரைச் சொல்லி அரசாங்கம் கோடி கோடியாகச் செலவு செய்கிறதே, அதற்குக் கேட்க வேண்டாமா என்கிறார் அவர். இதைவிடச் சுருக்கமாக எந்த நீதிபதியும் எழுதவில்லை.

அதே 1996-இல் மக்கள் தகவல் உரிமைக்கான தேசியப் பிரச்சாரக் குழு டெல்லியில் உருவானது. நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையில் இருந்த இந்தியப் பத்திரிகை மன்றம் ஒரு வரைவுச் சட்டம் தயாரித்தது. 1997-இல் ஜெய்ப்பூரில் 53 நாள் தர்ணா, மேலே சொன்ன ரகசிய அரசிதழ் கூத்தோடு முடிந்தது. ராஜஸ்தான் தனக்கென்று சட்டம் இயற்றியது 2000-இல்தான். மத்தியில் 2002-இல் ஒரு தகவல் சுதந்திரச் சட்டம் நிறைவேறியது, ஆனால் அது நடைமுறைக்கு வரும் தேதியை அறிவிக்காமலேயே விட்டுவிட்டார்கள். 2005 மே மாதம் நாடாளுமன்றம் இன்றைய சட்டத்தை நிறைவேற்றி, அக்டோபர் 12 முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

முதலில் சட்டம் போட்டது நாம்தான்

பலருக்கு இது தெரியாது, தெரிந்தவர்களும் பெருமையாக மட்டும் சொல்வார்கள்: இந்தியாவில் தகவல் உரிமைக்கு முதலில் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு, 1997-இல், ராஜஸ்தானுக்கு மூன்று வருஷம் முன்னால். அப்படியானால் நாடு முழுக்க ஏன் பியாவரைப் பேசுகிறார்கள், சென்னையைப் பேசவில்லை? சட்டத்தை எடுத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். எதையெல்லாம் தர வேண்டாம் என்ற விலக்குப் பட்டியல் அவ்வளவு நீளம். தராத அலுவலருக்குத் தண்டனை இல்லை. மேல்முறையீடு அரசாங்கத்துக்குள்ளேயே சுற்றும், சுதந்திரமான ஆணையம் ஒன்று கிடையாது. 2005 சட்டத்தில் 20ஆவது பிரிவு நாளைக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து அபராதம் என்கிறது. அந்த ஒரு பிரிவு இல்லாவிட்டால் மீதி எல்லாம் வேண்டுகோள்தான். மேலே இருந்து இறங்கி வந்த உரிமைக்கும் கீழே இருந்து பிடுங்கி வாங்கிய உரிமைக்கும் உள்ள வித்தியாசம் இந்த இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் வைத்தால் தெரியும். ராஜஸ்தானில் கேட்டவர்களுக்கு எந்தத் தாள் வேண்டும், அது எந்த பீரோவில் இருக்கும், யார் சாவி வைத்திருப்பார் என்பது வரை தெரிந்திருந்தது.

மனித உரிமை என்று எந்த அடிப்படையில்

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், வழக்கறிஞர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஐ.நா. பொதுச்சபை 1946-இலேயே தகவல் சுதந்திரத்தை அடிப்படை மனித உரிமை என்று தீர்மானம் போட்டது. 1948 மனித உரிமைப் பிரகடனத்தின் 19ஆவது பிரிவு தகவலைத் தேடவும் பெறவும் பரப்பவும் உரிமை உண்டு என்கிறது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 19ஆவது பிரிவும் அதையே சொல்கிறது, இந்தியா 1979-இல் அதில் சேர்ந்தது. நம் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1993, மனித உரிமை என்றால் என்ன என்று வரையறுக்கும்போது அரசியலமைப்பு உறுதியளித்தவற்றையும், சர்வதேச உடன்படிக்கைகளில் இருந்து இந்திய நீதிமன்றங்கள் செயல்படுத்தக் கூடியவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. எனவே இது சர்வதேசப் பேச்சு மட்டும் என்று ஒதுக்க முடியாது.

உள்நாட்டில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது 1975-ஆம் ஆண்டு ராஜ் நாராயண் வழக்கு. பிரதமரின் பயணப் பாதுகாப்பு விதிகள் அடங்கிய நீலப் புத்தகத்தைக் கேட்ட வழக்கு அது. பொது ஊழியர்கள் பொதுவில் செய்கிற ஒவ்வொரு செயலையும் அறிந்துகொள்ள இந்த நாட்டு மக்களுக்கு உரிமை உண்டு என்று நீதிபதி கே.கே. மேத்யூ எழுதினார். வேடிக்கை என்னவென்றால், அந்த வழக்கில் உத்தரப் பிரதேச அரசின் மேல்முறையீடுதான் ஏற்கப்பட்டது. ஆவணம் கைக்கு வரவில்லை, வாக்கியம் மட்டும் வந்தது! 1988-இல் ரிலையன்ஸ் பெட்ரோகெமிக்கல்ஸ் வழக்கில் அறியும் உரிமையை உயிர் வாழும் உரிமையான 21ஆவது பிரிவோடு உச்ச நீதிமன்றம் இணைத்தது. 2002-இல் வேட்பாளர்களின் சொத்து, குற்ற வழக்கு விவரங்களை அறியும் உரிமை, பேச்சு, கருத்துச் சுதந்திரம் தருகிற அரசியலமைப்பின் 19(1)(ஏ) பிரிவின் பகுதி என்றது. 2024 பிப்ரவரி 15 அன்று தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்ததும் இதே அடிப்படையில்தான்.

21 என்பதும் 19 என்பதும் வெறும் எண் விளையாட்டு இல்லை. 19(1)(ஏ) குடிமக்களுக்கு மட்டும். 21 எல்லா மனிதருக்கும். 2005 சட்டத்தின் 3ஆவது பிரிவு "குடிமக்கள் அனைவருக்கும்" என்றே சொல்கிறது. தமிழ்நாட்டில் நாற்பது வருஷமாக முகாம்களில் இருக்கிற ஈழத் தமிழர் ஒருவர், முகாமுக்கு ஒதுக்கிய பணம் என்ன ஆயிற்று என்று மனுப் போட்டால், நீ குடிமகன் இல்லையே என்று திருப்பி அனுப்ப இந்தப் பிரிவில் இடம் இருக்கிறது. டெல்லி உயர் நீதிமன்றம் 2023-இல் ஒரு திபெத்தியர் தொடர்பான வழக்கில், குடிமகன் அல்லாதவருக்குத் தகவலே கிடையாது என்று முழுத் தடை போடுவது சட்டத்தின் நோக்கத்துக்கும் அரசியலமைப்புக்கும் எதிரானது என்று சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் முகாம்வாசி ஒவ்வொருவரும் அதைக் கையில் வைத்துக்கொண்டு அலைய முடியுமா என்ன?

பெயரை எடுத்தால்

மக்கள் விசாரணை என்ற முறை பிறகு சட்டத்துக்குள்ளேயே நுழைந்தது. 2005-இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு கிராம சபை சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்றது, மஸ்டர் ரோல், பில், அளவுப் புத்தகம் எல்லாவற்றையும் கிராம சபை முன் வைக்கச் சொன்னது. கோட் கிரானாவில் தயவில் கிடைத்தது பதினோரு வருஷத்தில் நாடு முழுக்கக் கடமையானது. நம் கிராம சபைகளில் அது எவ்வளவு நேர்மையாக நடந்தது என்பது வேறு கதை. தீர்மானப் புத்தகத்தில் முதலிலேயே கையெழுத்து வாங்கிவிட்டு கணக்கை வேகமாக வாசித்துவிட்டுப் போவதைப் பார்க்காதவர் யார்.

இந்தப் பின்னணியில்தான் 8(1)(ஜே) பிரச்சினையைப் பார்க்க வேண்டும். 2005 சட்டத்தில் அந்தப் பிரிவு தனிப்பட்ட தகவலுக்கு விலக்குக் கொடுத்தது, ஆனால் நிபந்தனையோடு: அந்தத் தகவலுக்குப் பொது நடவடிக்கையோடோ பொது நலனோடோ தொடர்பு இல்லாமல் இருக்க வேண்டும், அல்லது அது அந்தரங்கத்தில் தேவையில்லாமல் தலையிடுவதாக இருக்க வேண்டும், அப்போதும் பெரிய பொது நலன் இருந்தால் தரலாம். கூடவே, நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை யாருக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் இருந்தது. 2023-ஆம் ஆண்டு எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு இதையெல்லாம் வெட்டிவிட்டு, தனிப்பட்ட தகவல் தொடர்பானது என்றாலே விலக்கு என்று ஒரே வரியாக்கியது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது.

அரசுத் தரப்பு சொல்வதையும் சொல்லிவிட வேண்டும். அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று 2017 புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்துவிட்டார்கள், அதற்கு ஏற்றபடி திருத்தினோம், பொது நலன் பெரிதாக இருந்தால் 8(2) பிரிவின்படி இன்னும் தரலாம் என்கிறார்கள். 8(2) இருப்பது உண்மைதான். அந்தரங்கம் முக்கியம் என்பதும் உண்மை. என் மருத்துவச் சீட்டை யாரோ நகலெடுத்துக்கொண்டு போவதை நானும் விரும்ப மாட்டேன். ஆனால் பழைய பிரிவு அதைத்தானே காப்பாற்றியது? மாறியிருப்பது யார் நிரூபிக்க வேண்டும் என்பது. முன்பு பொது நடவடிக்கையோடு தொடர்பில்லை என்று அலுவலர் காட்ட வேண்டியிருந்தது. இப்போது பெயர் இருக்கிறதா, தனிப்பட்ட தகவல், தர இயலாது என்று ஒரு வரியில் முடித்துவிட்டு, பொது நலனை நீ வந்து நிரூபி என்று மனுதாரர் தலையில் கட்டலாம். மஸ்டர் ரோலே பெயர்ப் பட்டியல்தான். ரேஷன் பட்டியலும் பெயர்ப் பட்டியல். தொகுப்பு வீடு யாருக்கு, முதியோர் உதவித்தொகை யாருக்கு, ஒப்பந்தம் யாருக்கு, பில்லில் கையெழுத்துப் போட்ட பொறியாளர் யார், எல்லாமே பெயர். கோட் கிரானாவில் மைக்கில் படித்த அந்த வரியிலிருந்து பெயரையும் அப்பா பெயரையும் கறுப்பு மை வைத்து அழித்துவிட்டுப் படித்துப் பாருங்கள், எழுந்து நின்று "நான் அந்த மாதம் ஊரிலேயே இல்லை" என்று சொல்ல ஆள் இருக்காது.

சட்டத்தைத் தளர்த்துகிற மற்ற வேலைகளும் கூடவே நடக்கின்றன. 2019 திருத்தம் தகவல் ஆணையர்களின் ஐந்தாண்டுப் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் மத்திய அரசு தீர்மானிக்கும் என்று மாற்றியது, விதியில் பதவிக்காலம் மூன்றாண்டாகச் சுருங்கியது. ஜார்க்கண்டில் 2020 மே மாதத்திலிருந்து வருஷக்கணக்கில் ஆணையரே இல்லாமல் ஆணையம் முடங்கிக் கிடந்தது. கீர் காட்டுப் பகுதியில் சட்டவிரோதச் சுரங்கத்துக்கு எதிராக ஆர்.டி.ஐ. மூலம் போராடிய அமித் ஜேத்வா 2010-இல் குஜராத் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே சுட்டுக் கொல்லப்பட்டார். ஊழலை வெளியே சொல்பவர்களைப் பாதுகாக்க 2014-இல் போட்ட சட்டம் நடைமுறைக்கு வராமலே கிடக்கிறது. மனு போட்டதற்காக உயிர் போகிற நாட்டில் இதை நிர்வாக வசதி என்று எப்படிச் சொல்வது?

நம் பக்கத்திலும் ஒரு விசித்திரம் நடந்தது. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று, மனுதாரர் எதற்காகத் தகவல் கேட்கிறார் என்று சொல்ல வேண்டும் என எழுதிவிட்டது. 6(2) பிரிவு காரணம் கேட்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. சில நாளிலேயே அந்தப் பத்தியை அந்த அமர்வே நீக்கிக்கொண்டது. ஆனாலும் காரணம் கேட்கிற பழக்கம் அலுவலகங்களில் போகவில்லை, இப்போது 8(2) வழியாகப் போனால் பொது நலன் என்ன என்று சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் அது பின்வாசல் வழியாகத் திரும்ப வந்துவிட்டது.

நடைமுறைக்கு வருவோம். பெயர் இருக்கிறது என்பதற்காகத் தகவல் மறுத்தால் கையில் இன்னும் இரண்டு பிடிமானம் இருக்கிறது. திருத்தம் 4ஆவது பிரிவைத் தொடவில்லை. 4(1)(பி)-யின் பன்னிரண்டாவது இனம், மானியத் திட்டங்களின் தொகையையும் பயனாளிகளின் விவரத்தையும் யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்கிறது. பத்தாவது இனம் ஒவ்வொரு அலுவலரின் மாதச் சம்பளத்தையும் வெளியிடச் சொல்கிறது. தானாக வெளியிட வேண்டியதைக் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுப்பது எப்படி என்று முதல் மேல்முறையீட்டிலேயே கேளுங்கள். இரண்டாவது, 8(2). பதில் வந்த பிறகு அதைத் தேட வேண்டாம், மனுவிலேயே ஒரு பத்தி எழுதிவிடுங்கள்: இது பொதுப் பணம், இந்தப் பட்டியல் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டியது, போலிப் பெயர் இருந்தால் உண்மையில் உழைத்தவரின் கூலி குறைகிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். முப்பது நாள் கெடு, அதற்குள் பதில் இல்லாவிட்டால் முதல் மேல்முறையீடு, அப்புறம் தொண்ணூறு நாளுக்குள் ஆணையத்துக்கு இரண்டாவது. கேட்பதை "மஸ்டர் ரோலின் சான்றளிக்கப்பட்ட நகல், அளவுப் புத்தகத்தின் சான்றளிக்கப்பட்ட நகல்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "செலவு விவரம் தரவும்" என்று எழுதினால் மொத்தத் தொகையை ஒரு வரியில் அடித்து அனுப்பிவிட்டு மனுவை முடித்துவிடுவார்கள்.